தம் வேறு, மூச்சுத் தசை வேறு: மோதும் விளையாட்டுகளில் மூச்சைத் தயார் செய்வதும் ஆற்றுவதும்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளித்த தலைமுறையின் தம்மைப் பற்றி இன்றைக்கும் டீக்கடையில் பேச்சு வரும். பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகிற பெண்கள் ஒரே மூச்சில் முங்கிப் பாறையைத் தடவிவிட்டு மேலே வருவதை இந்தக் கரையில் பார்க்காதவர் குறைவு. கபடியில் பாட்டு அறுபடாமல் எதிர்க்களத்தைச் சுற்றி வருபவனுக்கும் இங்கே தனி மரியாதை. அதனால் ஒரு பையன் குத்துச்சண்டைக்கோ ஜூடோவுக்கோ சிலம்பத்துக்கோ போனால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது, "தம் கட்டிப் பழகுப்பா" என்பதுதான்.

தம் கட்டுவது ஒரு திறமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் தம் கட்டும்போது மூச்சுத் தசைகள் பெரும்பாலும் சும்மா இருக்கின்றன. இரண்டாம் ரவுண்டில் எதிராளி மேலே சாய்ந்து அழுத்தும்போது, வாயில் மவுத்கார்டோடு (பல் காப்பு) நிமிடத்துக்கு 50 தடவை நெஞ்சை விரித்துச் சுருக்க வேண்டியிருக்கிறதே, அந்த வேலைக்கு வேண்டியது தசைபலம். கைக்கும் காலுக்கும் வார்ம்-அப் செய்கிறவர்கள் இந்தத் தசைகளை மறந்துவிடுகிறார்கள். முதல் ரவுண்டிலேயே நெஞ்சு அடைத்து, "செகண்ட் விண்ட்", அதாவது திணறல் அடங்கி மூச்சு சீராகும் நிலை, வரட்டும் என்று காத்திருப்பது அதனால்தான்.

எந்தத் தசை என்ன வேலை செய்கிறது

மூச்சை இழுப்பதில் முக்கால் பங்கு வேலை உதரவிதானத்தினுடையது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடை போலக் கவிந்திருக்கும் தசை அது. சுருங்கும்போது கீழே இறங்கும், வயிறு முன்னால் வரும், கீழ் விலாக்கள் பக்கவாட்டில் விரியும். விலா இடைத் தசைகள் அதற்குத் துணை. வேகம் கூடும்போது கழுத்தின் பக்கத் தசைகளும் சேர்ந்து விலாக்கூட்டைத் தூக்கும். ஓய்வில் மூச்சை விடத் தசை வேண்டாம், நுரையீரல் தானாகச் சுருங்கிக்கொள்ளும். கடும் உழைப்பில் வயிற்றுத் தசைகள் இறுகிக் காற்றை வெளியே தள்ளும்.

ஓட்டக்காரருக்கும் மோதும் வீரருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். ஓடுகிறவரின் வயிற்றுத் தசைக்கு மூச்சைத் தள்ளுவதும் உடம்பை நிமிர்த்திப் பிடிப்பதும்தான் வேலை. உங்கள் வயிற்றுத் தசை குத்தைத் தாங்க இறுக வேண்டும், இடுப்பைத் திருப்பி அடிக்க வேண்டும், தூக்கி எறியப் பலம் கொடுக்க வேண்டும், கூடவே காற்றையும் தள்ள வேண்டும். ஒரே ஆள் நாலு வேலை.

கடும் உழைப்பில் உடம்பு எடுக்கும் ஆக்சிஜனில் சுமார் 10 முதல் 15 சதவீதம் மூச்சுத் தசைகளுக்கே போகிறது. அவை களைத்துப்போனால் உடம்பு ஒரு தற்காப்பு முடிவை எடுக்கும்: கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களை நரம்பு வழியாகச் சுருக்கி, மூச்சுக்கான ரத்தத்தைக் காப்பாற்றும். மூன்றாம் ரவுண்டில் கால் ஈயம் போலக் கனப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காலைத்தான் குறை சொல்கிறோம், தொடங்கிய இடம் நெஞ்சு.

கருவியும் சுமையும்

இதற்கென்று விற்கும் கருவியை ஆங்கிலப் பெயரால் 'த்ரெஷோல்ட் ட்ரெய்னர்' என்பார்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு வால்வு. குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் இழுத்தால்தான் வால்வு திறந்து காற்று வரும். மெதுவாக இழுத்து ஏமாற்ற முடியாது என்பதுதான் அதன் பலம். கூடவே ஒரு மூக்குக் கிளிப் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து கொடுக்கும் மூன்று பந்துக் கருவி பல வீடுகளில் கிடக்கும். அது நுரையீரல் நன்றாக விரிய உதவுவது. தசைக்குச் சுமை தருவது அதன் வேலை இல்லை. முகத்தை மூடும் 'ட்ரெயினிங் மாஸ்க்' மலை உயரத்தில் பயிற்சி செய்த பலனைத் தராது, எவ்வளவு சுமை என்ற கணக்கும் அதில் இல்லை. போட்டி நாளில் அதைத் தொடவே வேண்டாம்.

சுமையைச் 'சென்டிமீட்டர் நீர்' என்ற அளவில் சொல்வார்கள். கடற்கரைக்காரருக்கு இது எளிது. 40 என்றால், நிமிர்த்திப் பிடித்த குழாயில் தண்ணீரை 40 செ.மீ. உயரத்துக்கு உறிஞ்சி ஏற்றும் அளவு இழுவை. ஆரோக்கியமான இளைஞர் ஒருவர் முழுப் பலத்தோடு இழுத்தால் பொதுவாக 100 முதல் 120 வரை வரும், இளம்பெண்களுக்கு 70 முதல் 90 வரை.

வார்ம்-அப்புக்கு வேண்டியது அந்த உச்சத்தில் 40 சதவீதம். உச்சம் 110 என்றால் 44, உச்சம் 80 என்றால் 32. உச்சத்தை அளக்க வசதி இல்லையென்றால் இப்படிக் கண்டுபிடியுங்கள்: 30 மூச்சு இழுத்து, 30ஆவது மூச்சு தட்டுத் தடுமாறி முடிகிற அளவுக்குச் சுமையை வையுங்கள். அது ஏறக்குறைய உச்சத்தின் பாதி. பயிற்சிக்கு அதுதான் அளவு. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் வார்ம்-அப் அளவு கிடைத்துவிடும். இந்தச் சோதனையைப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே, ஓய்வாக இருக்கும் நாளில் முடித்துவிடுங்கள்.

ஏன் 40? ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலிச் சுமையாகக் கொடுப்பது 15 சதவீதம், தசை அதைச் சட்டைசெய்யாது. 60க்கு மேல் போனால் உதரவிதானம் எழும்புவதற்குப் பதில் களைத்துவிடும், களத்தில் இறங்கும் முன்பே ஒரு ரவுண்டு விளையாடியது போல ஆகும். 40இல் 30 மூச்சு, இரண்டு செட் என்பது பல விளையாட்டுகளில் சோதித்துப் பார்த்த அளவு. இழுக்கும் பலம் கொஞ்ச நேரத்துக்குக் கூடுகிறது, பலருக்கு மூச்சுத் திணறல் உணர்வு குறைகிறது. போட்டி முடிவில் அது எவ்வளவு தெரியும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே ஸ்பாரிங் (பயிற்சி மோதல்) நாட்களில் நாலைந்து தடவை செய்து பார்த்து, உங்களுக்கு உதவுகிறது என்று தெரிந்த பிறகே போட்டிக்குக் கொண்டு போங்கள்.

போட்டிக்கு முன் 45 நிமிடம்

1. முதல் 15 நிமிடம் வழக்கமான வார்ம்-அப்: மெல்லோட்டம், ஸ்கிப்பிங், மூட்டுச் சுழற்றல், நிழற்சண்டை. லேசாக வியர்க்க வேண்டும், மூச்சு வாங்கக் கூடாது. கடல் மணலில் ஓடி வார்ம்-அப் செய்யாதீர்கள். கால் புதையும்போது கெண்டைக்காலும் மூச்சும் தேவைக்கு மேல் செலவாகும். மணல் ஓட்டத்தை அரியமான் கடற்கரையில் பயிற்சி நாளில் வைத்துக்கொள்ளலாம்.

2. அடுத்த 4 நிமிடம் விலாக்கூட்டைத் தளர்த்துங்கள். முட்டிபோட்டுக் கைகளை ஊன்றி, ஒரு கையைப் பிடரியில் வைத்து, முழங்கை வானம் பார்க்கத் திரும்புங்கள். ஒரு பக்கத்துக்கு 8 தடவை. பிறகு நின்று, ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டிப் பக்கவாட்டில் சாய்ந்து, விரிந்த விலாவுக்குள் மூன்று மூச்சு. திரும்பும்போது ஊதுங்கள், நிமிரும்போது இழுங்கள்.

3. இப்போது கருவி. மவுத்கார்டைக் கழற்றுங்கள். நின்றுகொண்டே மூக்குக் கிளிப்பைப் போடுங்கள், உதடு காற்றுக் கசியாமல் கவ்வட்டும். முதலில் காற்றை முழுவதும் ஊதி வெளியேற்றுங்கள். பிறகு வெடுக்கென்று, பலமாக, இனி இழுக்க முடியாது என்கிற வரை இழுங்கள். விடும்போது அவசரமே வேண்டாம், காற்று தானாக வழியட்டும். ஒரு மூச்சுக்கு 4 அல்லது 5 விநாடி. 30 மூச்சு முடிய இரண்டு, இரண்டரை நிமிடம் ஆகும்.

4. ஒரு நிமிடம் நடந்துவிட்டு இரண்டாவது 30.

5. மவுத்கார்டை மாட்டி 5 முதல் 8 நிமிடம் பேட் வேலை (துணைவர் பிடிக்கும் மெத்தையில் அடிப்பது) அல்லது பிடி வேலை. இதில் 15 விநாடி முழுவேகம், 45 விநாடி தளர்ச்சி என்று மூன்று சுற்று. ஒவ்வொரு அடிக்கும் பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று சின்னதாக ஊதப் பழகுங்கள். வயிறு இறுகுவதும் காற்று போவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

கருவி வேலை முடிவதற்கும் களம் ஏறுவதற்கும் நடுவே 10, 15 நிமிடத்துக்கு மேல் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் போட்டிகளில் அழைக்கும் நேரம் தள்ளித் தள்ளிப் போகும். அரைமணிக்கு மேல் தாமதமானால் இரண்டு செட்டையும் திரும்பச் செய்ய வேண்டாம், 15 மூச்சு போதும். மல்யுத்தம், ஜூடோ, டேக்வாண்டோவில் ஒரே நாளில் மூன்று நாலு மோதல் வரும். முதல் மோதலுக்கு மட்டும் முழு இரண்டு செட், அடுத்தடுத்தவற்றுக்கு அந்த 15 மூச்சுதான்.

கண்ணில் படும் தவறுகள்

புதிதாகக் கருவி எடுத்தவரின் கன்னத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் குழி விழுந்தால் அவர் இளநீர் குடிக்கிற மாதிரி வாயால் உறிஞ்சுகிறார், உதரவிதானம் அசையவே இல்லை. வாயால் மட்டும் நல்ல அழுத்தம் கொடுக்க முடியும் என்பதால்தான் பலத்தை அளக்கும் கருவியில் வேண்டுமென்றே சின்னதாக ஒரு துளை வைத்திருப்பார்கள். திருத்தும் வழி: ஒரு கையைக் கீழ் விலாவின் பக்கத்தில் வைத்து, அந்தக் கையை வெளியே தள்ளுவதாக நினைத்து இழுக்கச் சொல்லுங்கள். இரண்டே நிமிடத்தில் கன்னக் குழி மறையும்.

தோள் காதுவரை ஏறினால் கழுத்துத் தசை முந்துகிறது. சுமையைக் கொஞ்சம் குறைத்து, தோளை இறக்கி, மறுபடி தொடங்குங்கள். தலை சுற்றினாலோ விரல் நுனி, உதடு மரத்தாலோ மூச்சு வேகமாகிவிட்டது, ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிட்டது என்று பொருள். கருவியையும் மூக்குக் கிளிப்பையும் எடுத்துவிட்டு ஒரு நிமிடம் மூக்கால் மட்டும் மூச்சு விடுங்கள். பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் பின்னால் இரண்டு விநாடி இடைவெளி வையுங்கள்.

இறுக்கமான உடையும் ஒரு குற்றவாளி. வயிற்றுக் காப்பின் எலாஸ்டிக், ஜூடோ பெல்ட், பெண்களின் நெஞ்சுக்காப்பு, இறுக்கமான உள்ளாடை எல்லாம் கீழ் விலாவைக் கட்டிப்போடும். முழுதாக இழுக்கும்போது விலாவுக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். எடைப்பிரிவைத் தாண்டாமல் இருக்க முதல் நாள் பட்டினி கிடந்து தண்ணீரையும் நிறுத்தியவருக்கு இந்த வார்ம்-அப் எதையும் சரிசெய்து தராது.

கருவியை இரவல் கொடுக்காதீர்கள், அண்ணன் தம்பிக்குக்கூட. காசம் உட்படப் பல நோய்கள் மூச்சுவழி பரவுபவை. தினமும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். நம் உப்புக்காற்றில் ஸ்பிரிங் துரு பிடிக்கும், வால்வு ஓரத்தில் உப்புப் பூக்கும். ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடிவைத்தால் சில மாதத்திலேயே சுமை மாறிவிடும்.

கருவி இல்லாதவர்களுக்கு

போட்டி நாளில்: ஒரு மூக்குத் துவாரத்தை விரலால் அடைத்து, மறு துவாரத்தால் 'சுர்' என்று கூர்மையாக உறிஞ்சுங்கள். உதரவிதானம் சரியாக அசைகிறதா என்று பார்க்க மருத்துவர்கள் செய்யச் சொல்வதும் இதே உறிஞ்சல்தான். பக்கத்துக்கு 15, இரண்டு செட். சுமை எவ்வளவு என்று தெரியாது என்பதுதான் குறை.

பயிற்சி நாளில்: இரண்டு லிட்டர் அளவு காய்ந்த மணலைத் தடித்த துணிப்பையில் கட்டித் தையுங்கள், ஏறக்குறைய 3 கிலோ வரும். மல்லாந்து படுத்து, முட்டி மடக்கி, பையைத் தொப்புளுக்குச் சற்று மேலே வையுங்கள். விலா எலும்பின் மேல் வைக்க வேண்டாம். மூக்கால் இழுத்துப் பையை உயர்த்துங்கள், 4 விநாடியில் இறக்குங்கள். 10 மூச்சு, மூன்று செட். ஓரிரு வாரத்துக்கு ஒரு முறை அரைக் கிலோ கூட்டி 5 கிலோவில் நிறுத்தலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் கூடாது.

ரவுண்டுக்கு நடுவே

குத்துச்சண்டையில் 3 நிமிட ரவுண்டு மூன்று, நடுவே 1 நிமிடம். டேக்வாண்டோவில் 2 நிமிடம், நடுவே 1 நிமிடம். மல்யுத்தத்தில் 3 நிமிடம் இரண்டு, நடுவே 30 விநாடிதான். ஜூடோவில் 4 நிமிடம், சமன் என்றால் முடிவு வரும் வரை நேரக்கணக்கில்லாமல் நீளும் கோல்டன் ஸ்கோர், ஓய்வே கிடையாது. அங்கே நடுவர் 'மாத்தே' (நிறுத்து) சொல்லி உடையைச் சரிசெய்யச் சொல்லும் சில விநாடிதான் ஓய்வு.

அந்த ஒரு நிமிடத்தைப் பெரும்பாலும் வீணடிப்பது கார்னரில், அதாவது வீரர் ஓய்வெடுக்கும் மூலையில், இருக்கும் உதவியாளர்கள். ஸ்டூலில் உட்கார்ந்த உடனே நாலு பேர் நாலு யோசனை சொல்வார்கள், வீரர் பதில் சொல்வார். பேச்சுக்குச் செலவாகும் மூச்சு திரும்ப வராது. முதல் 20 விநாடி ஒருவர் மட்டும் பேசட்டும், அதுவும் இவ்வளவுதான்: "தம்பி, பேசாத. ஊது. மெதுவா ஊது."

மவுத்கார்டை எடுத்துவிடுங்கள். வயிற்றுக் காப்பின் எலாஸ்டிக்கை முன்னால் இழுத்துப் பிடித்துத் தளர்த்துங்கள். வீரர் சற்று முன்னால் குனிந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றட்டும். "குனியாத, கையத் தலைக்கு மேல வை" என்று கத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. கை ஊன்றியிருந்தால் தோள், மார்புத் தசைகள் விலாவைத் தூக்க உதவும், உதரவிதானமும் வேலைக்கு வசதியான நிலையில் இருக்கும். கைகளை முட்டியில் ஊன்றி நிற்பவர்களுக்கு, தலையில் கை வைத்து நிற்பவர்களைவிட இதயத் துடிப்பு சீக்கிரம் இறங்குகிறது என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ரவுண்டு நடக்கும்போது குனிவது எதிராளிக்குச் செய்தி சொல்லும். ஓய்வில் அந்தக் கவலை இல்லை.

முதலில் வாயால் நீளமாக மூன்று நாலு தடவை ஊதட்டும். உள்ளே தேங்கிய காற்று போனால்தான் புதுக்காற்றுக்கு இடம். அடுத்த 25 விநாடி, இரண்டு எண்ணி இழுத்து நாலு எண்ணி விடுதல். மூக்கால் முடிந்தால் மூக்கு, முடியாவிட்டால் வாய். இந்த நேரத்தில் ஒரே ஒரு தந்திரம், இரண்டு வாக்கியத்தில். தண்ணீர் ஒரு மடக்கு, அதுவும் ஊதி முடித்த பிறகு, இல்லாவிட்டால் புரையேறும். கடைசி 10 விநாடியில் மவுத்கார்டு, எழுந்து நின்று பலமாக இரண்டு மூச்சு.

கபடியில் கணக்கு வேறு. பாடிப் போகும் 30 விநாடியும் காற்றைச் சிக்கனமாக வெளிவிடும் வேலை. கோட்டைத் தாண்டும் முன் நெஞ்சு வெடிக்கும் அளவு இழுத்துக்கொண்டு போகிறவரின் குரல் முதல் ஐந்து விநாடியில் உரக்க வந்து பிறகு தேயும். முக்கால் மூச்சு போதும். 'கபடி'யின் 'டி'யை அழுத்தாமல், சின்னக் குரலில், நடுவருக்குக் கேட்கும் அளவில் பாடுங்கள். திரும்பி வந்ததும் முதலில் ஊதுங்கள், இழுப்பது தானாக நடக்கும்.

நெஞ்சுக்குழியில் அடி விழுந்து மூச்சே வராமல் போனால், உதரவிதானம் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீரரை நிமிர்த்தி உலுக்காதீர்கள். முட்டியை மடக்கி வயிற்றைத் தளர விட்டு, உதட்டைக் குவித்துச் சின்னச் சின்னதாக ஊதச் சொல்லுங்கள். ஓரிரு நிமிடத்தில் விடும். விடவில்லை என்றால் அது வேறு விஷயம், கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

ஆற்றுதல்

பயிற்சி முடிந்ததும் அப்படியே மணலில் சாய்வதுதான் எல்லோருக்கும் ஆசை. ஐந்து நிமிடம் நடங்கள். காலில் தேங்கிய ரத்தம் திரும்பட்டும். பிறகு மல்லாந்து படுத்து, கெண்டைக்காலை ஒரு நாற்காலி மேலோ படகின் விளிம்பிலோ, இடுப்பும் முட்டியும் செங்கோணமாக மடங்கும்படி வையுங்கள். மூக்கால் 4 விநாடி இழுத்து, 6 விநாடி விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு. 5 முதல் 8 நிமிடம். மூச்சை விடும் நேரத்தில்தான் இதயத்தின் வேகம் இறங்கும், அதனால் விடுவது நீளமாக இருக்க வேண்டும். முதல் நிமிடத்தில் 6 விநாடி முடியாது. 2, 3 என்று தொடங்கி மெல்ல நீட்டுங்கள். வலிந்து நீட்டினால் அடுத்த மூச்சைப் பறித்து இழுக்க வேண்டியிருக்கும்.

அதன் பிறகு விலா, கழுத்து. பக்கவாட்டில் படுத்து மேல்கையைத் தலைக்கு மேல் நீட்டிப் பக்கத்துக்கு 6 மூச்சு. கழுத்தின் பக்கவாட்டில், காதுக்குக் கீழிருந்து தோள்பட்டை எலும்பு வரை, விரல் நுனியால் மெல்ல வருடி விடலாம். ரத்தக் குழாய் துடிக்கும் இடத்தை அழுத்தக் கூடாது. கருவிப் பயிற்சி தொடங்கிய முதல் வாரம் விலா இடுக்கில் வலி வருவது சகஜம், இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம்தான். ஆகவே உப்புப் போட்ட மோர், உப்பும் சின்ன வெங்காயமும் சேர்ந்த நீராகாரம் இரண்டும் இந்த ஊர் வெயிலுக்கு மிகப் பொருத்தம். இளநீர் அதற்கு மேல் வேண்டுமானால் குடிக்கலாம்.

ஆறு வாரப் பயிற்சி

வார்ம்-அப் அன்றைக்கு மட்டும் உதவும். பலம் கூடப் பயிற்சி வேண்டும்: உச்சத்தின் பாதிச் சுமையில் 30 மூச்சு, காலை மாலை, வாரம் 5 அல்லது 6 நாள். 30 எளிதாக முடிந்த அன்றே சுமையைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஸ்பாரிங்குக்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் செய்ய வேண்டாம். ஆறு வாரம் கழிந்து வாரம் இரண்டு மூன்று நாள் செய்தாலே வந்த பலம் நிற்கும். போட்டிக்கு முந்திய இரண்டு நாள் ஓய்வு.

வெயில், புகை, நோன்பு

ஈரக்காற்றில் வியர்வை உலராது, உடம்பு சூடேறும், சூடேறினால் மூச்சின் எண்ணிக்கையும் ஏறும். பங்குனியிலிருந்து ஆடி வரை காலை 7 மணிக்குள் கடும்பயிற்சியை முடிப்பது நல்லது. சாயல்குடி, முதுகுளத்தூர், கமுதி பக்கம் சீமைக்கருவேல மரத்தைக் கரிமூட்டம் போடும் நாட்களில் புகை தரையோடு தவழும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து இடத்தை மாற்றுங்கள். அந்தப் புகையில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கினால் குழாய்கள் இறுகும்.

பயிற்சி முடிந்து 5, 10 நிமிடத்தில் நெஞ்சு இறுகி, மூச்சு விடும்போது வீசிங் சத்தம் வந்து, அரைமணி, ஒரு மணியில் அடங்கினால் அது உழைப்பால் வரும் ஆஸ்துமாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது தொண்டையில் கீச்சென்று சத்தம் வந்து, நிறுத்திய சில நிமிடத்தில் போய்விட்டால் குரல்வளை குறுகுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. தசை பலவீனம் என்று நினைத்துக் கருவியோடு போராடாமல் நெஞ்சக மருத்துவரிடம் போய் ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை) எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலருக்கு ஊக்கமருந்து விதியில் அனுமதி உண்டு: 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராமுக்கும், எந்த 8 மணி நேரத்திலும் 600க்கும் மேல் போகக் கூடாது. அதே மருந்து மாத்திரையாகவோ சிரப்பாகவோ போனால் தடை. அதே வகையைச் சேர்ந்த டெர்பியூட்டலின் எந்த வடிவிலும் தடை, முன்அனுமதி வேண்டும். மருந்துக்கடையில் சளிக்கு என்று கேட்டால் கொடுக்கும் இருமல் சிரப் பலவற்றில் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். லேபிளைப் படிக்காமல் ஒரு மூடிகூடக் குடிக்காதீர்கள்.

ரமலான் மாதத்தில் கருவிப் பயிற்சி பகலில் தொண்டையை வறளச் செய்யும். நோன்பு திறந்து, லேசாகச் சாப்பிட்டு, தராவீஹ் என்னும் ரமலான் இரவுத் தொழுகை முடிந்த பிறகு ஒரு செட் வைத்துக்கொள்ளலாம். அந்த மாதம் சுமையை ஏற்ற வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றினால் போதும். பகலில் நிமிடத்துக்கு 6 மூச்சு விடும் ஆற்றுதலைத் தாராளமாகச் செய்யலாம்.

கடலுக்குள் ஓர் எச்சரிக்கை

கழுத்தளவு தண்ணீரில் நின்று மூச்சு விடுவது நல்ல பயிற்சி. தண்ணீர் நெஞ்சை எல்லாப் பக்கமும் அமுக்கும், மேற்பரப்புக்கு 20 செ.மீ. கீழே இருக்கும் விலாவின் மேல் 20 செ.மீ. நீரழுத்தம் நிற்கும். கச்சான் (தென்மேற்கு) காற்று வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணை) அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் நிலைமை மாறும். எந்தப் பக்கம் அமைதியோ அங்கே, தலை வெளியே இருக்க, ஆள் துணையோடு 5 நிமிடம். திருக்கை மேல் மிதிக்காமலிருக்கக் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசியபடி நடங்கள்.

வேகவேகமாகப் பத்து மூச்சு இழுத்துவிட்டுத் தம் கட்டி முங்குவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. வேக மூச்சால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, கரியமில வாயு குறைகிறது. மூச்சு விடத் தூண்டுவது அந்த வாயுதான். தூண்டல் வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தண்ணீருக்கடியில் நினைவு போகும். இடுப்பளவு தண்ணீரிலும் நல்ல நீச்சல்காரர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

நுரையீரலில் காற்றுக் கசிவு முன்பு வந்தவர்கள், விலா எலும்பு முறிவு ஆறாதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் தலையில் அடிபட்டவர்கள் மருத்துவர் சொல்லாமல் கருவியைத் தொடக் கூடாது. காதோடு அறை வாங்கிச் செவிப்பறை கிழிவது குத்துச்சண்டையிலும் கபடியிலும் உண்டு. அது ஆறும் வரையிலும் வேண்டாம்.

அடி வாங்கிய பிறகு நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று குத்தி, மூச்சு நிமிடத்துக்கு நிமிடம் சிரமமானால், இருமலில் ரத்தம் வந்தால், உதடு நீலம் பாரித்தால் 108ஐக் கூப்பிடுங்கள். உட்கார்ந்த நிலையிலேயே வைத்திருங்கள், குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர், பாம்பன் சாலைப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தீவில் போட்டி நடத்துகிறவர்கள் முதல் மோதல் தொடங்கும் முன்பே, ஆக்சிஜன் சிலிண்டரோடு ஓர் ஆம்புலன்ஸ் மைதான வாசலில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மணி அடியுங்கள்.